கம்ப்யூட்டருக்கு வந்த பூ

எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரும்பு வாங்க மாட்டார்கள். ஆணி, அரிவாள், மோட்டாருக்குப் போடும் பேரிங், எதுவானாலும் வெள்ளிக்குள் வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஞாயிறு வரை பொறுக்க வேண்டும். குச்சனூர் சனீஸ்வரருக்கு எள் விளக்குப் போடுகிற குடும்பம். என் கம்ப்யூட்டரின் பெட்டி தகரம் என்பதால் அதையும் அப்பா இந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். எனக்கு அலுவலகத்தில் அரை நாள் கிடைப்பது சனிக்கிழமை மட்டும். ஞாயிற்றுக்கிழமை தேனியில் கம்ப்யூட்டர் கடை திறக்காது. அதனால் என் கம்ப்யூட்டரை நான் பக்கத்தில் நின்று அசெம்பிள் செய்து வாங்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அப்பா போய் வாங்கி வந்தார்.

நான் சிவில் படித்தவள். காமயகவுண்டன்பட்டியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் உத்தமபாளையம் போய் ஒரு பொறியாளரின் அலுவலகத்தில் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் கொச்சியில் இருக்கும் ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்றுக்கு ஆள் தேடியது. கட்டிடங்களை முப்பரிமாண மாடலாகச் செய்து தர வேண்டும். முதலில் ஒரு சோதனை வேலை. மூன்று மாடி விடுதி ஒன்றை, படிக்கட்டும் குழாய்களும் உட்பட, மாதக் கடைசிக்குள் முடித்து அனுப்ப வேண்டும். மிஷின் நம்முடையது. நன்றாக இருந்தால் வேலை.

வீட்டில் அப்போது என் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பாவிடம் இந்த வேலையைப் பற்றிச் சொன்னேன். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "அந்த வேலை மட்டும் கெடைச்சிருச்சுன்னா, ரெண்டு வருசத்துக்குக் கலியாணப் பேச்சே எடுக்க மாட்டேன் ஆத்தா. இது அப்பன் குடுக்குற வாக்கு" என்றார். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

ஆக, எனக்கு ஒரு மிஷின் வேண்டும். கையில் இருந்தது என் சம்பளத்தில் மிச்சம் பிடித்த தொகை மட்டும்.

எதையும் வரிசை போட்டு எழுதிப் பார்க்கிற பழக்கம் எனக்கு. முதலில் என்னென்ன வேண்டாம் என்று எழுதினேன். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். புதிதாக வாங்கினால் மற்ற எல்லாம் சேர்ந்த விலையை அது ஒன்றே விழுங்கிவிடும். பழைய கார்டு அதைவிட வேண்டாம். யார் வீட்டில் எத்தனை வருடம் வெந்தது என்று கேட்க முடியாது. பெரிய பவர் சப்ளை வேண்டாம். தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் எங்கள் தெருவில் மின்விசிறியே தள்ளாடித்தான் சுற்றும். அப்படியானால் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற பிராசசர் சிப்தான் ஒரே வழி.

அதிலும் மூன்று வகை என் முன்னால் இருந்தன. ஒன்றில் வேகம் அதிகம், ஆனால் படம் காட்டும் பகுதியே கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரை கறுப்பாகவே இருக்கும். இன்னொன்று விலை மலிவு, சில தலைமுறை பழையது; சினிமா பார்க்கலாம், கணக்கு எழுதலாம், மூன்று மாடிக் கட்டிடத்தைத் திருப்பிப் பார்க்க அதற்கு மூச்சு போதாது. மூன்றாவது நடுவில் இருந்தது. அதன் உள்ளே இருந்த கிராபிக்ஸ் என் வேலைக்குப் போதும். பிற்பாடு வசதி வந்தால் தனி கார்டும் போட்டுக்கொள்ளலாம். அதே வேலையை அதே சிப்பில் செய்கிறவர்களின் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். மாடலைச் சுற்றும்போது எங்கே திக்குகிறது, எங்கே வழுக்கிக்கொண்டு போகிறது என்று குறித்துக்கொண்டேன். ஒரு வாரம் யோசித்து மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லக் கேட்டவர் அப்பா ஒருவர்தான். திராட்சைக்கு மருந்து அடித்துவிட்டு வந்து, குளித்து, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"படம் காட்டுறதுக்குத் தனியா ஒண்ணு வேணாமா?"

"உள்ளயே இருக்குப்பா. ஆனா அதுக்குன்னு தனி மெமரி கிடையாது. மிஷினுக்கு இருக்குற மெமரியில பங்கு வாங்கிக்கிரும்."

"அப்ப திராட்சைக்கும் நெல்லுக்கும் ஒரே வாய்க்கா தண்ணின்னு சொல்லு."

"ஆமாப்பா."

"அப்ப ஒரு மடை பத்தாதே. ஒண்ணு குடிக்கையில இன்னொண்ணு காயுமே."

"அதுக்குத்தான் மெமரிய ஒரே குச்சியா வாங்காம ரெண்டு குச்சியா வாங்குறேன். ரெண்டு மடை. ரெண்டும் ஒண்ணாத் தொறக்கும்."

அப்பா தலையை ஆட்டினார். "ம்ம். வெவரமாத்தான் பாத்துருக்க."

என் அலுவலகத்தில் கூட யாரும் அந்த மடைக் கேள்வியைக் கேட்டதில்லை. எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பது அத்தை மகன். அத்தை அப்பாவின் அக்கா. மச்சான் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். விற்பனை, ரிப்பேர், கேமரா மாட்டுவது எல்லாம் அவர் கடையில் உண்டு. என் பட்டியலைப் போனில் அனுப்பினேன். சிப்பின் முழுப் பெயர், மெமரி இரண்டு குச்சி, சிப் உட்காரும் மதர்போர்டு பலகை எது, பவர் சப்ளை எது, எல்லாம் தெளிவாக. "வெள்ளிக்கெழமை மாமாட்ட குடுத்து விடுறேன் புள்ள" என்று பதில் வந்தது. சிப் வந்த அட்டைப் பெட்டியையும் கொடுத்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "சொந்தக்காரக கடையில போயி டப்பாவ எண்ணுவியா? அத்தை என்ன நெனைப்பாக?" என்றாள். விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. அப்பாவோடு அத்தையும் வந்திருந்தார். கூடத்து மேஜையில் என் கம்ப்யூட்டர் இருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் தேங்காய், பழம், கற்கண்டு, ஒரு பந்து மல்லிகைப் பூ.

"என்ன அத்தை, மிஷினுக்கா இம்புட்டும்?"

அத்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "ஆமா, மிஷினுக்குத்தான். புதுசு வீட்டுக்கு வருதுல்ல."

அம்மா பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அத்தை மல்லிகையில் ஒரு முழத்தைக் கிள்ளி மானிட்டர் மேல் போட்டார். மீதியை என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி என் தலையில் வைத்தார். தன் கையாலேயே ஊசி குத்தினார். வாயில் கற்கண்டு போட்டார். "எங்க ஆத்தா, நல்லா இருக்கணும்" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. நான் சம்பாதித்து வாங்கிய முதல் பெரிய பொருள் என்பதால் இருக்கும் என்று நினைத்தேன்.

சுவிட்சைப் போட்டேன். எல்லோரும் பின்னால் நின்றார்கள். திரை வந்ததும் நான் முதலில் செய்தது, எந்தக் கம்ப்யூட்டரிலும் நான் முதலில் செய்வதுதான்: உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். மெமரி நான் கேட்டது. சிப் நான் கேட்டதில்லை. பட்டியலிலிருந்து நான் அடித்துவிட்ட அந்த இரண்டாவது சிப், அந்தப் பழையது, அங்கே இருந்தது.

"நல்லாருக்கா ஆத்தா?" என்றார் அப்பா.

"நல்லாருக்குப்பா" என்றேன். அத்தை இருந்தார். தட்டு இருந்தது. அவர் மகன் கடைப் பொருளைப் பற்றி அந்த இடத்தில் வாய் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

அத்தை போனதும் மச்சானைக் கூப்பிட்டேன்.

"மச்சான், சிப்பு மாறியிருக்கு."

"அதுவா... அது வந்து, ஸ்டாக்கு இல்ல புள்ள. இதும் நல்ல சிப்புதான். இப்பத்தைக்கு ஓட்டு."

"இதுல என் வேலை ஓடாது மச்சான். மாதக் கடைசிக்குள்ள அனுப்பணும்."

"பாப்போம் பாப்போம். கஸ்டமர் நிக்கிறாக" என்று வைத்துவிட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் நாளிதழை மடித்துக்கொண்டே, "ஸ்டாக்கு வரட்டும். மாப்ள ஏமாத்தவா போறான்?" என்றார். அன்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவில்லை. எனக்கு அது பிறகுதான் உறைத்தது.

அடுத்த இரண்டு வாரம் அந்தப் பழைய சிப்பில் வேலை செய்தேன். தரைத்தளம் வரை ஓடியது. முதல் மாடி ஏறியதும் மூச்சு வாங்கத் தொடங்கியது. கட்டிடத்தைத் திருப்பினால் படிக்கட்டு காணாமல் போகும். காத்திருந்தால் ஒவ்வொரு படியாக முளைக்கும். குழாய்களைப் போட்டதும் திரையே உறைந்துபோனது. குழாயை மறைத்து வைத்துச் சுவரைச் செய்தேன், சுவரை மறைத்து வைத்துக் குழாயைச் செய்தேன். இரண்டும் எங்கே மோதுகின்றன என்று பார்ப்பதுதான் வேலையே. அதை மட்டும் செய்ய முடியவில்லை. காலையில் எழுந்து உட்காருவேன்; பஸ் நேரம் வரும்போது ஒரு கழிவறை முடிந்திருக்கும். கொச்சி நிறுவனத்திலிருந்து என்னோடு பேசும் மலையாளி அக்கா, "எப்படிப் போகுன்னு? எல்லாம் சரியல்லே?" என்று கேட்டபோது சரி என்றேன்.

அந்த இரண்டு வாரம் கழிந்த சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் தேனி பஸ் ஏறினேன்.

கடையில் மச்சான் ஒரு லேப்டாப்பின் வயிற்றைப் பிரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏ புள்ள! சனிக்கெழமைல வந்துருக்க? இரும்பு எதும் வாங்கவா? மாமா வைவாகளே."

"என் சிப்பு வந்துருச்சான்னு பாக்க வந்தேன்."

அவர் பதில் சொல்லும் முன் என் கண் பக்கத்து அலமாரியில் விழுந்தது. நான் கேட்ட சிப்பின் அட்டைப் பெட்டி அங்கே இருந்தது. திறந்து, காலியாக, உள்ளே ஸ்குரூ போட்டு வைத்திருந்தார்.

"அதுதான, மச்சான்?"

அவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிடிபட்டவர் போல இல்லை. ரகசியப் பரிசு முன்னாலேயே தெரிந்துவிட்டவர் போலச் சிரித்தார்.

"வா, இங்கன வா. காட்டுறேன்."

கடையின் பின்பகுதியில் ஒரு தடுப்பு அடித்திருந்தார். உள்ளே புது மேஜை. சுழல் நாற்காலி ஒன்று, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல். மேஜையின் கீழே ஒரு கம்ப்யூட்டர். சுவரில் சாய்த்து வைத்த ஃபிளெக்ஸ்: 'வீட்டு பிளான், 3டி எலிவேஷன் குறைந்த விலையில் வரைந்து தரப்படும்.' கீழே அவருடைய போன் நம்பர்.

"யாரு வரையப் போறாக?" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"வேற யாரு? நீதான்." அவர் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி விட்டார். "நல்ல சிப்பு இங்கன இருந்தாத்தான நீ வேலை பாக்க முடியும்? அங்கன ரெண்டு மூணு மாசத்துக்கு அந்தப் பழசு போதாதா? தையிலதான் இங்கன வந்துருவியே."

"எதுக்கு வரணும்?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏ புள்ள, வெளாடுறியா? அதான் அன்னைக்கு அம்மா வந்து பூ வச்சுட்டுப் போனாகளே."

எனக்குக் காதுக்குள் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் மட்டும் கேட்டது.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். தட்டு, தேங்காய், கற்கண்டு, மல்லிகை. எத்தனையோ வீடுகளில் நானே போய் நின்று பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை என் தலைக்கு வந்தது அதுதான். கம்ப்யூட்டருக்கு வந்த பூவில் மீதி என்று நினைத்து முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருக்கிறேன்.

"எனக்குச் சொல்லல மச்சான்."

"என்னது?"

"யாரும் எனக்குச் சொல்லல."

அவர் நாற்காலியைப் பிடித்து நிறுத்தினார். "மாமா ஒங்கிட்ட கேட்டுட்டேன்னு சொன்னாகளே. ஒனக்குச் சம்மதம்னு சொன்னாகளே."

"சிப்பு மாத்துனது அப்பாவுக்குத் தெரியுமா?"

அவர் ஸ்குரூ டிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். "நான் புதுசத்தான் ஒனக்குப் போட்டேன் புள்ள. மாமாதான், 'அந்த நல்லத இங்கனயே வை மாப்ள, அங்கன சாதாரணமானது போதும், ரொம்ப நல்லா ஓடுனா அவ அந்தக் கொச்சி வேலையப் புடிச்சுக்கிருவா'ன்னாக. ஒனக்கும் தெரிஞ்சுதான் சொல்றாகன்னு நெனச்சேன்."

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். எந்தச் சிப்பில் வேலை ஓடும், எதில் ஓடாது என்று அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது? நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒன்று விடாமல் பதில் சொல்லியிருந்தேன். எந்த மடையை அடைத்தால் எந்தப் பயிர் காயும் என்று நானே காட்டிக் கொடுத்திருந்தேன்.

"மச்சான், அந்த மிஷினை ஒரு அஞ்சு நிமிசம் ஓட விடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"சிப்பையும் ஃபேனையும் ஒட்டியிருக்குற பேஸ்ட்டு சூடாகட்டும். அப்பத்தான் ஃபேன் சுளுவா வரும். இல்லாட்டி சிப்பைச் சேத்துப் பேத்துரும்."

அவர் சுவிட்சைப் போட்டார். சூடானதும் அணைத்தார். நான் மூடியைக் கழற்றி, ஃபேனை மெதுவாகத் திருகி எடுத்தேன். சாம்பல் நிறப் பசையைத் துடைத்தபோது நான் ஒரு வாரம் யோசித்துத் தேர்ந்தெடுத்த பெயர் உலோகத்தின் மேல் தெரிந்தது. நெம்புகோலைத் தூக்கி, அடியில் இருக்கும் ஊசிகள் வளையாமல் இரண்டு விரலால் எடுத்தேன். அவர் அலமாரிப் பெட்டியிலிருந்த ஸ்குரூக்களைக் கொட்டிவிட்டு, சிப் வந்த பிளாஸ்டிக் கூட்டைத் தேடி எடுத்து நீட்டினார். ஒரு சிறு பேஸ்ட் குழாயும் கொடுத்தார்.

"ஒங்க பழச பஸ்ல குடுத்து விடுறேன், கண்டக்டர்ட்ட" என்றேன்.

"அது கெடக்கட்டும் புள்ள." கொட்டிய ஸ்குரூக்களைப் பொறுக்கிக்கொண்டே, "நாலு பேருகிட்டச் சொல்லிட்டாக அம்மா" என்றார். அவரையும்தான் ஏமாற்றியிருந்தார்கள். ஆனால் அவருக்கு ஆறுதல் சொல்ல அன்று என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை.

பஸ்ஸில் அந்தக் கூட்டைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். சின்னமனூர் தாண்டியதும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வீட்டுக்குப் போனதும் எந்த வரிசையில் பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

அப்பா வாசலில் இருந்தார். என் கையைப் பார்த்தார்.

"என்ன ஆத்தா அது? சனிக்கெழமையும் அதுவுமா கடையிலருந்து..."

"இது இரும்பு இல்லப்பா" என்றேன். "மணல்லருந்து செய்யிறது. வீட்டுக்குள்ள வரலாம்."

அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து என் பின்னால் வந்தார். நான் மேஜை அருகே போய், குங்குமம் காய்ந்திருந்த மூடியைக் கழற்றத் தொடங்கினேன்.

"பேச்சுதான் நடந்துச்சு. முடிவெல்லாம் ஒண்ணும்..."

"பூ வச்சாச்சுப்பா."

"ஒன் நல்லதுக்குத்தான் ஆத்தா. வெளி எடத்துல யாரு என்னன்னு தெரியாது. இவன் நம்ம பய. ஒன் படிப்பும் வீணாப் போகாதுன்னுதான் கடையிலயே எடம்..."

"வாக்குக் குடுத்தீகளே. வேலை கெடச்சா பேச மாட்டேன்னு."

அந்த வாக்கு பலிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டுமோ அதையும் அவரே செய்திருந்தார் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே அது அங்கே நின்றது.

அம்மா அடுப்படி வாசலில் பூண்டு உரித்த கையோடு நின்றிருந்தாள். "ஒனக்குத் தெரியுமாம்மா?"

"சொன்னா நீ பூ வைக்க விட மாட்ட" என்றாள். அவ்வளவு நேர்மையான பதிலை நான் அன்று வேறு யாரிடமும் கேட்கவில்லை.

சிப்பைப் பொருத்தினேன். மூலையில் இருக்கும் சின்னத் தங்க முக்கோணத்தைப் பலகையின் குறியோடு சேர்த்து வைத்ததும், அழுத்தாமலே தன் இடத்தில் இறங்கியது. மூன்று மாடியையும் குழாய்களோடு திறந்தேன். சுற்றினேன். படிக்கட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாம் மாடியில் ஒரு கழிவுநீர்க் குழாய் உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு போவது தெரிந்தது. இத்தனை நாள் அதைத்தான் என்னால் பார்க்க முடியாமல் இருந்தது.

மாதம் முடியும் முன் அனுப்பினேன். கொச்சி அக்கா போனில், "கொள்ளாம், நல்லாருக்கு. அந்தக் குழாய் நாங்கள் வேணும்னே வெச்சது. பாதிப் பேர் கண்டுபிடிக்கலை" என்றார். வேலை கிடைத்தது.

அப்பா அத்தையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று தெரியாது. அத்தை எனக்கு ஒரு முறை போன் செய்து, "நான் வச்ச பூவு மிஷினுக்கு வச்சதாவே இருந்துட்டுப் போகட்டும் ஆத்தா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு வரவில்லை. ஊரில் யாராவது கேட்டால் அப்பா, "வேலை கெடச்சா ரெண்டு வருசம் விடுறேன்னு வாக்குக் குடுத்தேன், காப்பாத்திட்டேன்" என்கிறார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது நிஜமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

வேலை பெரிதானதும் தனி கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் போட்டேன். நானே போய், நானே பொருத்தினேன். அதற்கு அதனுடைய சொந்த மெமரி உண்டு. யாரிடமும் பங்கு கேட்காது.

சில நாட்களுக்கு முன் அப்பா தோட்டத்திலிருந்து வந்து, குளித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் சுழன்றுகொண்டிருந்த கட்டிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னமும் ரெண்டுக்கும் ஒரே வாய்க்கா தண்ணிதானா ஆத்தா?"

நல்ல கேள்விதான். பதில் சொல்லத் தொடங்கினால் அவர் கேட்பார், புரிந்துகொள்வார், அடுத்த கேள்வியும் கேட்பார்.

"ஆமாப்பா" என்றேன்.